தட்டுக் கழுவும் தண்ணீரில் ஒரு பள்ளித் தோட்டம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உலகச் சுற்றுச்சூழல் தினமான ஜூன் 5 முடிந்து இரண்டு நாள் உங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கம் முழுக்க மரக்கன்று நடும் படங்கள். அதில் பாதிக்கு மேல் பள்ளிக்கூடங்களில் எடுத்தவை. ஒரு கன்று, அதைச் சுற்றிப் பத்துப் பேர், ஓரமாகச் சீருடையில் பிள்ளைகள். நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார்கள், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் இந்தக் கன்றுகளில் எத்தனை அடுத்த சித்திரையைப் பார்க்கும் என்று நினைத்தால் மனசு கனத்துப் போகிறது.

நான் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு சின்ன கிராமத்தில் இருக்கிறேன். ஒன்றரை ஏக்கர் மானாவாரி நிலம். இரண்டு பிள்ளைகளும் எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் படிக்கிறார்கள், நான் அந்தப் பள்ளி மேலாண்மைக் குழுவில் உறுப்பினர். பள்ளித் தோட்டம் என்று ஆரம்பித்து இந்த மூன்று வருடத்தில் நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டதை எழுத வேண்டும் என்று தோன்றியது. கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் அடித்தபோது பள்ளி வளாகத்தில் நின்ற இரண்டு வேம்பும் ஒரு புங்கையும் ஒரே ராத்திரியில் சாய்ந்தன. அதற்கப்புறம் பிள்ளைகள் உட்கார நிழல் இல்லை. பின்வந்த வருடங்களில் மூன்று தடவை கன்று நடும் விழா நடந்தது, மூன்றும் ஜூனில். முதல் தடவை நட்ட இருபத்தைந்தில் ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. எப்படிப் பிழைக்கும்? அக்னி நட்சத்திரம் முடிந்து ஒரு வாரம்தான் ஆகியிருக்கும், எங்கள் சரளை மண் அடுப்பிலிருந்து இறக்கிய சட்டி மாதிரி கிடக்கும், பின்னாலேயே ஆடிக்காற்று வந்து இருக்கிற கொஞ்ச ஈரத்தையும் உறிஞ்சிக்கொண்டு போய்விடும். எங்களுக்கு உருப்படியான மழை ஐப்பசி, கார்த்திகையில்தான். ஜூன் 5 என்பது 1972-இல் ஸ்டாக்ஹோமில் ஐ.நா. சுற்றுச்சூழல் மாநாடு தொடங்கிய நாள். அன்றைக்குப் பிள்ளைகளிடம் பேசலாம், படம் வரையச் சொல்லலாம். கன்று நட அது தென்மேற்குப் பருவமழை பிடிக்கிற நீலகிரி, கன்னியாகுமரிப் பக்கத்துக்கு வேண்டுமானால் பொருந்தும். புதுக்கோட்டை, சிவகங்கை, இராமநாதபுரத்துப் பிள்ளைக்கு 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்று பாடம் சொல்லிவிட்டு ஜூனில் குழி வெட்டி நட்டுக் காட்டினால், கன்று செத்துப்போவதுதான் வழக்கம் என்று அது புரிந்துகொள்ளும். என் மகளே அப்படித்தான் கேட்டாள், "இந்த வருஷமும் நட்டு, இந்த வருஷமும் செத்துப்போகுமாம்மா?" என்று.

எங்கள் குழுவில் ஒருவர், இயற்கை வேளாண்மைக்காக உழைத்த நம்மாழ்வார் ஐயா கரூர் மாவட்டம் கடவூர்ப் பக்கம் உருவாக்கிய வானகம் என்ற பண்ணைக்குப் பயிற்சிக்குப் போய் வந்தவர். பெர்மாகல்ச்சர் என்ற வார்த்தையை அவர்தான் எங்கள் கூட்டத்தில் முதலில் சொன்னார். 1970-களில் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் பில் மோலிசன், டேவிட் ஹோம்கிரன் என்ற இருவர் யோசித்து வைத்த பெயராம், நிரந்தரம், வேளாண்மை என்ற இரண்டு சொல்லையும் சேர்த்தது. 2017-இல் ஹைதராபாத்தில் இதற்கென்றே உலக மாநாடு ஒன்றும் நடந்திருக்கிறது. அவர் விளக்க விளக்க, கூட்டத்தில் இருந்த பாட்டி ஒருவர், "இதைத்தானேப்பா நாங்க கொல்லையில செஞ்சோம்" என்றார். உண்மைதான். கிணற்றடித் தண்ணீர் வாழைக்கு, பாத்திரம் கழுவிய தண்ணீர் கறிவேப்பிலைக்கு, தொழுவத்துச் சாணமும் அடுப்புச் சாம்பலும் குப்பைக்குழிக்கு, குழி எரு நிலத்துக்கு. தினம் தேவைப்படுகிற செடி கைக்கெட்டும் தூரத்தில், எப்போதாவது போய்ப் பார்க்கிற மரம் தள்ளி. எது எங்கே இருக்கணும், ஒன்றின் கழிவு எதற்குச் சாப்பாடு என்று யோசித்துப் போடுகிற தோட்டம், அவ்வளவுதான். பெயர் வெளியூரிலிருந்து வந்தது என்பதற்காக அதைத் தள்ளவும் வேண்டாம், எல்லாம் நம்மிடமே இருந்தது என்று சொல்லிவிட்டுச் சும்மா இருக்கவும் வேண்டாம். இருந்த கொல்லைகளை சிமெண்ட் போட்டு மூடியதும் நாம்தான்.

சரி, பள்ளியில் கழிவு எது? போய்ப் பார்த்தோம். காலையில் முதலமைச்சரின் காலை உணவு, மதியம் சத்துணவு. இரண்டு வேளையும் அறுபது பிள்ளைகளும் குழாயடியில் வரிசையாக நின்று தட்டுக் கழுவுகிறார்கள். அந்தத் தண்ணீர் சுவரோரம் தேங்கி, பாசி பிடித்து, கொசு மொய்த்து, அதற்கு முந்தின வருடம் ஒரு பையன் வழுக்கி விழுந்து கை முறிந்த இடம் அது. ஒரு தட்டுக்கு ஒரு லிட்டர் என்று வைத்து நான்காம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் கணக்குப் போட்டார்கள். நாளைக்கு 120 லிட்டர். பள்ளி நடப்பது 200 நாள் என்றால் வருடத்துக்கு 24,000 லிட்டர். தோட்டம் போடத் தண்ணீர் இல்லை என்று குழுக் கூட்டத்தில் நாங்கள் பேசிக்கொண்டிருந்த அதே சமயத்தில், ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அவ்வளவு தண்ணீர் கொசு வளர்த்துக்கொண்டிருந்தது.

குழாயடியிலிருந்து பத்தடி தள்ளி ஆறடி அகலம், மூன்றடி ஆழத்துக்கு வட்டமாக ஒரு குழி வெட்டினோம். வெட்டியது அப்பாக்கள்தான், பிள்ளைகள் இல்லை. எடுத்த மண்ணைச் சுற்றி வரப்பு மாதிரி அணைத்தோம். குழிக்குள் அடியில் தென்னை மட்டையும் உரிமட்டையும் (கஜாவுக்கப்புறம் எங்கள் பக்கம் அதற்குப் பஞ்சமே இல்லை), அதன்மேல் கிளை கொப்பு, அதன்மேல் வேப்பஞ்சருகு, கொஞ்சம் சாணம். வரப்பின் மேல் நான்கு வாழை, இடையிடையே பப்பாளி, ஓரத்தில் சேம்பு. குழாயடியிலிருந்து ஒரு வாய்க்கால், வாய்க்கால் முகத்தில் சோற்றுப் பருக்கையைப் பிடிக்க ஒரு பழைய பிளாஸ்டிக் கூடை. கூடையில் விழுவது எதிர்வீட்டுக் கோழிக்கு. வாழைவட்டம் என்று இதற்குப் பேர். முதல் மாதத்திலேயே குழாயடி காய்ந்துவிட்டது. ஒன்பது மாதம் கழித்து முதல் தார் தள்ளியபோது பள்ளிக்கூடமே வந்து நின்று பார்த்தது.

தப்பும் பண்ணினோம். சத்துணவு அண்டா கழுவுகிற தண்ணீரில் சோப்புத்தூள் இருக்கும், எண்ணெய் இருக்கும். அதையும் ஒரே வாய்க்காலில் விட்டு, பக்கத்தில் போட்ட தண்டுக்கீரைப் பாத்தி முழுக்கக் கருகியது. இப்போது அந்தத் தண்ணீர் தனியாகக் கல்வாழைப் பாத்திக்குப் போகிறது. முதல் வருடம் ஆடு புகுந்து முருங்கைக் கன்றெல்லாம் போயிற்று. கம்பிவேலிக்குக் காசில்லை. ஊர்ப் பெரியவர் ஒருவர் சொல்லி ஆடாதொடையும் நொச்சியும் நெருக்கமாகக் குச்சி வைத்தோம். இரண்டையும் ஆடு தொடாது, இரண்டும் மருந்து. இருமல் வந்த பிள்ளைக்கு இலை பறிக்க இப்போது அந்த வேலிக்குத்தான் வருகிறார்கள்.

அடுத்தது சருகு. பல பள்ளிகளில் காலையில் கூட்டி மூலையில் குவித்துத் தீ வைப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள், எங்கள் பள்ளியிலும் அப்படித்தான். சுத்தமாக இருக்கிறது என்று பாராட்டும் கிடைக்கும். அதை நிறுத்தி, சருகையெல்லாம் பாத்திகளில் அரை அடி உயரத்துக்கு, மண்ணை மூடிக் காக்கிற மூடாக்காகப் போட்டோம். பாம்பு வரும், அசிங்கமாக இருக்கிறது என்றார்கள். பாம்புப் பயத்தை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதால் வகுப்பறையிலிருந்து பத்தடிக்குள் மூடாக்கு போடுவதில்லை என்று முடிவு செய்தோம், பிள்ளைகள் குச்சியால் தட்டிவிட்டுத்தான் கை வைப்பார்கள்.

பங்குனியில் ஒருநாள் மதியம், மூன்றாம் வகுப்பு டீச்சர் பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்து, முதலில் வெறும் தரையில் உள்ளங்கையை வைக்கச் சொன்னார். வைத்த வேகத்தில் எடுத்தார்கள், அவ்வளவு சூடு. அப்புறம் தட்டிப் பார்த்துவிட்டு மூடாக்கை விலக்கி அடி மண்ணில் வைக்கச் சொன்னார். ஒரு சின்னப் பெண் கையை எடுக்கவே இல்லை. "டீச்சர், உள்ள ஜில்லுனு இருக்கு, பானைத் தண்ணி மாதிரி" என்றாள். அவள் விரலுக்கடியில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை நூல், ஒரு மண்புழு, பாதி மக்கி நரம்பு மட்டும் மிஞ்சின வேப்பிலை. அன்றைக்கு அந்த வகுப்பில் மண் என்பது உயிருள்ளது என்று யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. மறுநாள் அவள் வீட்டில் அவள் அப்பா கொல்லையைக் கூட்டித் தீ வைக்கப் போக, கையைப் பிடித்து நிறுத்தியிருக்கிறாள். அவர் சிரித்துக்கொண்டே என்னிடம் வந்து சொன்னார். இப்போது அவர் வீட்டுச் சருகும் சாக்கில் கட்டிப் பள்ளிக்கு வருகிறது.

முட்டை ஓட்டையும் சொல்ல வேண்டும். சத்துணவில் வாரம் ஐந்து முட்டை, அறுபது பிள்ளை என்றால் முந்நூறு ஓடு. இதுவரை குப்பைக்குப் போனது. காயவைத்து நொறுக்கித் தக்காளிக்கும் முருங்கைக்கும் போடுகிறோம், அதில் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. சமையலர் அக்கா தாளிக்கக் கறிவேப்பிலை கடையில் வாங்குவதை நிறுத்திவிட்டார். காலை உணவுக்குச் சாம்பாரில் முருங்கைக்காய், பூசணி, கத்தரி என்று வாரத்தில் இரண்டு மூன்று நாளாவது தோட்டத்திலிருந்து போகிறது. எல்லாக் காயையும் தோட்டமே கொடுத்துவிடும் என்று நான் சொல்லவில்லை, அறுபது பேர் சாம்பாருக்கு அது போதாது. ஆனால் கீரையைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவைக்கிற பிள்ளைகள் தாங்கள் விதைத்த கீரை என்றால் சாப்பிடுகிறார்கள், இதை அந்த அக்காவே தினம் பார்க்கிறார்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன். இரண்டாவது வருடம் மே மாதத்தில் எங்கள் தோட்டம் கிட்டத்தட்ட முழுசாகச் செத்துப்போனது. கத்தரி, வெண்டை, தக்காளி எல்லாம் சருகு. வாழைகூட வாடிச் சாய்ந்தது. காரணம் ரொம்பச் சாதாரணம். பள்ளி விடுமுறை. பிள்ளைகள் இல்லை, சமையல் இல்லை, அதனால் கழுவத் தட்டு இல்லை, அதனால் தண்ணீரும் இல்லை. எந்தத் தண்ணீரை நம்பித் தோட்டத்தை அமைத்தோமோ அது வெயில் உச்சத்தில் நின்றுபோகும் என்பதை நாங்கள் யோசிக்கவே இல்லை. ஜூனில் திரும்பி வந்த பிள்ளைகள் அதைப் பார்த்து நின்ற நிலை இப்போதும் கண்ணில் நிற்கிறது.

பள்ளித் தோட்டங்கள் சாகிற இடம் இதுதான் என்று நினைக்கிறேன். 2019-இல் மத்திய அரசு பள்ளி ஊட்டச்சத்துத் தோட்டங்களுக்கென்று வழிகாட்டுதலே வெளியிட்டது, பள்ளிப் பிள்ளைகளுக்கான சுற்றுச்சூழல் அமைப்பான தேசிய பசுமைப் படை அதற்கும் முன்பிருந்தே இருக்கிறது, திட்டத்துக்குக் குறைவில்லை. மே மாதம் தண்ணீர் யார் ஊற்றுவார் என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் போடுகிற எந்தத் தோட்டமும் பத்து மாதத் தோட்டம்தான். அந்தப் பதிலை ஆசிரியர்களால் தர முடியாது. பாடம், பதிவேடு, செல்போனில் ஏற்ற வேண்டிய விவரங்கள் என்று ஏற்கெனவே அவர்களுக்கு மூச்சுவிட நேரமில்லை, விடுமுறையிலும் வந்து தண்ணீர் ஊற்று என்று சொல்வது நியாயமும் இல்லை. அந்தப் பதில் ஊரிடம்தான் இருக்கிறது.

மூன்றாவது வருடம் மேலாண்மைக் குழுவில் தீர்மானமே போட்டோம். காலை உணவு சமைக்கிற மகளிர் குழுவைச் சேர்ந்த மூன்று பேர், எதிர்வீட்டுப் பாட்டி, நான், இன்னும் இரண்டு வீடு, ஆக ஏழு வீடு, ஆளுக்கு வாரத்தில் ஒரு நாள். விடுமுறையில் காய்க்கிறது, பழுக்கிறது, தழைக்கிறது எல்லாம் அந்த ஏழு வீட்டுக்கு, யாரும் கணக்குக் கேட்கக் கூடாது. இந்தக் கடைசி வரிதான் முக்கியம். பொதுச் சொத்து, யாரும் தொடாதே என்று பூட்டிவைத்தால் யாரும் தண்ணீரும் ஊற்ற மாட்டார்கள். அதோடு தோட்டத்தையே பள்ளி நாட்காட்டிக்குத் தகுந்த மாதிரி மாற்றினோம். ஆடியில் விதைப்பு, காய்கறிப் பாத்திகள் பங்குனியோடு முடிந்துவிடும், விதைக்கு விட்டதை எடுத்துவிட்டு மண்ணை முழுக்க மூடாக்கால் மூடிவிடுவது. கோடையில் நிற்பவை முருங்கை, அகத்தி, கறிவேப்பிலை, பப்பாளி, வாழை, தவசிக்கீரை மட்டும். அவற்றில் ஒவ்வொன்றுக்கும் வாரம் இரண்டு தடவை நிறைய ஊற்றினால் போதும், தினமும் தெளிக்க வேண்டாம். இந்த மே மாதம் ஒரு பப்பாளி மட்டும் போயிற்று, மற்றதெல்லாம் நிற்கிறது.

எதிர்பாராமல் நடந்தது என்னவென்றால், முறை வைத்து வந்த வீடுகளில் நான்கில் இப்போது சொந்தக் கொல்லையில் வாழைவட்டம் இருக்கிறது. தெருக்குழாயடியில் தேங்குகிற தண்ணீருக்கும் ஒன்று போடலாமா என்று ஊராட்சியில் கேட்டிருக்கிறார்கள். எதிர்வீட்டுப் பாட்டி, சுரை விதையையும் பூசணி விதையையும் சாணத்தில் பிசைந்து சுவரில் வரட்டி மாதிரி தட்டிவைக்கும் முறையைப் பிள்ளைகளுக்குக் காட்டினார். பள்ளிச் சுவரில் இப்போது முப்பது வரட்டி, ஒவ்வொன்றுக்கும் கீழே கரியால் ஒரு பிள்ளையின் பேர்.

ஒரு எதிர்ப்பையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். "படிக்க அனுப்பினோமா, மண் வெட்ட அனுப்பினோமா?" என்று முதல் கூட்டத்திலேயே ஒரு அப்பா கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை. 1953-இல் ராஜாஜி ஆட்சியில் அரை நாள் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில் என்று ஒரு திட்டம் வந்து, குலக்கல்வி என்று தமிழ்நாடே எதிர்த்து, 1954-இல் காமராஜர் வந்ததும் அது போனது. எங்கள் தாத்தாக்கள் அதைப் பார்த்தவர்கள். இன்றைக்கும் சில இடங்களில் குறிப்பிட்ட பிள்ளைகளை மட்டும் கூட்டவும் கழுவவும் சொல்கிற கொடுமை நடந்து செய்தியாகிறது. அதனால் எங்கள் பள்ளியில் விதி போட்டோம். வாரத்தில் இரண்டு நாள், அரை மணி நேரம், அதுவும் சூழ்நிலையியல், அறிவியல் பாட வேளையில்தான். எல்லாப் பிள்ளைகளும் முறை வைத்து எல்லா வேலையும், ஆண் பெண் வித்தியாசம் கிடையாது, டீச்சரும் சேர்ந்து. தண்டனையாக யாரையும் தோட்டத்துக்கு அனுப்பக் கூடாது. கடப்பாரை, மண்வெட்டி வேலை பெரியவர்களுக்கு. கேள்வி கேட்ட அந்த அப்பாதான் வாழைவட்டத்துக்கு முதல் கடப்பாரை போட்டவர். இந்த விதிகளைக் கறாராகப் பிடிக்க முடியாத பள்ளியில் தோட்டம் போடாமல் இருப்பதே மேல் என்பது என் கருத்து.

உங்கள் நாளிதழ் வழியாக நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. எங்கள் மாதிரி வடகிழக்குப் பருவமழையை நம்பியிருக்கிற மாவட்டங்களில் பள்ளிகளுக்குக் கன்று கொடுப்பதை ஜூனிலிருந்து புரட்டாசிக்கு மாற்றுங்கள் என்று அதிகாரிகளிடம் எழுதுங்கள். எங்கள் பள்ளியில் மூன்று வருடத்துக்கு முன் புரட்டாசியில் வைத்த வேம்பு இரண்டும் இப்போது பிள்ளைகள் தலைக்கு மேல் போய்விட்டன. பள்ளிகளில் சருகு எரிப்பதை நிறுத்த ஒரு சுற்றறிக்கை போதும், காசு செலவில்லை. தோட்டத்துக்குப் பணம் ஒதுக்கும்போது மே மாதப் பொறுப்பு யாருக்கு என்று மேலாண்மைக் குழுத் தீர்மானம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு ஒதுக்கட்டும். அப்புறம், இந்த வருடம் படம் எடுத்த பள்ளிகளுக்கு அடுத்த சித்திரையில் உங்கள் நிருபர்களை மறுபடி அனுப்புங்கள். கன்று நின்றால் தண்ணீர் ஊற்றியவரின் படத்தைப் போடுங்கள்.

ஆடி பிறக்க இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. சுவரில் தட்டிய வரட்டிகளில் எங்களுக்கு வேண்டியதுபோகக் குறைந்தது பதினைந்து மிஞ்சும். பக்கத்துப் பள்ளிகளில் யாராவது கேட்டு வந்தால் எடுத்துக்கொண்டு போகலாம், பேர் எழுதிய பிள்ளைகளிடம் மட்டும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு எடுக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர் ஒருவர்,
புதுக்கோட்டை மாவட்டம்.